"அந்த லிங்க் எங்கே போச்சு?": குழு அரட்டையில் தொலைந்ததைத் தேடி எடுத்து, எழுதி வைக்கும் வழி

ஸ்லாக், வாட்ஸ்அப், டெலிகிராம், டீம்ஸ் என்று எதில் வேலை நடந்தாலும், குழுவுக்குத் தெரிந்த உருப்படியான விஷயங்களில் பெரும்பகுதி அரட்டைக்குள்தான் கிடக்கிறது. யாரோ போட்ட ஒரு லிங்க், இரவு 11 மணிக்கு ஒருவர் பொறுமையாக எழுதிய நாலு வரி விளக்கம், பாதி நிரப்பிய ஒரு எக்ஸெல் ஷீட். தேவைப்படுகிற நாளில் மட்டும் அது கைக்கு வராது, தெரிந்தவரை மறுபடி கேட்போம், அவரும் மறுபடி தட்டுவார். அவர் வேலையை விட்டுப் போனபிறகுதான் உண்மையான வலி தெரியும்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு அறிகுறி. உங்களுக்குப் பொருந்துவதற்கு நேராகப் போகலாம். முதலாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

"பார்த்த ஞாபகம் நல்லா இருக்கு, தேடினா வரமாட்டேங்குது"

தேடல் பெட்டியில் கை வைப்பதற்கு முன்னால் நான்கு விஷயங்களை யோசியுங்கள். யார் போட்டது, ஏறக்குறைய எப்போது, எந்தச் சேனல் அல்லது குரூப், அது லிங்கா ஃபைலா படமா வெறும் எழுத்தா. இதில் இரண்டு தெரிந்தாலே தேடல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். நான்கும் தெரியவில்லை என்றால், அப்போது உங்களோடு சேர்ந்து எந்த வேலையில் யார் மாட்டியிருந்தார் என்று நினைத்துப் பாருங்கள், மாதம் தானாக நினைவுக்கு வரும்.

பெரும்பாலும் தேடல் தோற்பதற்குக் காரணம் ஒன்றுதான்: லிங்க் போட்டவர் அதோடு ஒரு சொல்கூட எழுதியிருக்க மாட்டார். "இதைப் பாருங்க" என்று போட்டு, கீழே ஒரு முகவரி, அவ்வளவுதான். நீங்கள் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அந்தச் செய்தியில் அது கிடையாது. அதனால் பதிலைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள். "எரர் வருது", "திறக்கலை", "எப்படிப் பண்றது" என்று திணறியவர் நிறையச் சொற்களை விட்டுச்சென்றிருப்பார். அந்தச் செய்தியைப் பிடித்தால் அதற்குப் பத்து வரி கீழே, அல்லது அதன் த்ரெட்டுக்குள் (அந்தச் செய்திக்குக் கீழே தனியாக ஓடும் பதில் வரிசைக்குள்), லிங்க் இருக்கும். கேள்வியும் கிடைக்கவில்லையா, நன்றியைத் தேடுங்கள். "தேங்க்ஸ்", "சரியாயிடுச்சு", "வொர்க் ஆகுது" என்று கேட்டவர் எழுதியதை அவர் பெயரோடு சேர்த்துத் தேடினால், அதற்கு மேலே இருப்பதுதான் வேலைக்கு ஆன பதில். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான தந்திரம் கிடையாது, ஏனென்றால் இது லிங்கை மட்டுமல்ல, பலித்த லிங்கைக் காட்டுகிறது.

ஸ்லாக்கில் வடிகட்டிகளைப் பயன்படுத்துங்கள். ஃப்ரம், இன், பிஃபோர், ஆஃப்டர் இவற்றை ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி போட்டு, ஆள் பெயரோ சேனல் பெயரோ தேதியோ கொடுக்க வேண்டும். ஹேஸ் என்று போட்டு லிங்க் என்று கொடுத்தால் முகவரி உள்ள செய்திகள் மட்டும் வரும். ஒரு குறிப்பிட்ட எமோஜி ரியாக்‌ஷன் வாங்கிய செய்திகளையும் இதே ஹேஸ் வழியாக எடுக்கலாம். முடிவுகளைப் பொருத்தப்படி, புதியதுபடி என்று மாற்றி வரிசைப்படுத்தலாம், ஒன்றில் வராதது மற்றதில் மேலே வரும், மாற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் குரூப் பெயரைத் தொட்டு மீடியா, லிங்க்ஸ், டாக்ஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே லிங்குகள் மட்டும் தனியாக இருக்கும், முன்னோட்டப் படத்தைப் பார்த்தே பல நேரம் கண்டுபிடித்துவிடலாம். தேதி நினைவிருந்தால் குரூப்புக்குள் தேடும்போது வரும் நாட்காட்டிக் குறியைத் தொட்டு அந்த நாளுக்கே தாவலாம். டெலிகிராமிலும் இந்த இரண்டு வசதியும் உண்டு.

அடுத்து, தமிழில் எழுதும் குழுக்களுக்கே உரிய தொல்லை. இதை யாரும் எழுதி வைப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "படிவம்" என்று தேடினால் "படிவத்தை அனுப்புங்க" என்ற செய்தி வராமல் போகலாம், ஏனென்றால் வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லின் வாலே மாறிவிடுகிறது. "படிவ" என்பதோடு நிறுத்துங்கள். "கணக்கு", "கணக்கை", "கணக்கில்" எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதி "கணக்க", அதைத் தட்டுங்கள். ஸ்லாக்கில் குறைந்தது மூன்று எழுத்து தட்டிவிட்டு நட்சத்திரக் குறி போட்டால் அப்படித் தொடங்கும் சொற்களையும் சேர்த்துத் தேடும். அப்புறம், பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், அதிலும் "எப்படி" என்ற ஒரு சொல்லையே ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். நீங்கள் தேடுவதை எழுதியவர் எப்படித் தட்டுவார் என்று அவருடைய நாலு செய்தியைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தேடுங்கள்.

இன்னும் உள்ளே ஒரு சிக்கல் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் (கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டில்) இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக, அல்லது தனித்தனியாக இரண்டு குறிகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், யூனிகோடு விதிப்படியும் சமம்தான், ஆனால் சமன்படுத்தாமல் தேடுகிற மென்பொருளுக்கு அவை வேறு வேறு சொற்கள். "ஸ்ரீ" எழுத்துக்கும் இதே கதை, 2005-இல் "ஶ" தனி எழுத்தாகச் சேர்க்கப்பட்ட பிறகு அதை எழுத இரண்டு வழி ஆகிவிட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தால் இன்னும் மோசம், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் மாட்டியிருக்கிறீர்கள் என்று சந்தேகம் வந்தால் சொல்லை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு, ஆள், தேதி, லிங்க் வடிகட்டிக்குப் போய்விடுங்கள்.

"பழைய மெசேஜே இல்லை, ஒரு இடத்துக்கு மேல் போகமாட்டேங்குது"

இது தேடல் பிரச்சினை இல்லை, சேமிப்பு விதி. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து கடைசி 90 நாள் செய்திகள்தான் தெரியும். அதற்கு முன் 10,000 செய்திகள் என்ற வரம்பு இருந்தது. 90 நாளைத் தாண்டியவை மறைந்துதான் இருக்கின்றன, பணம் கட்டும் திட்டத்துக்கு மாறினால் திரும்பத் தெரியும். ஆனால் 2024 ஆகஸ்டிலிருந்து இலவசத் திட்டத்தில் ஓராண்டுக்கு மேற்பட்டவற்றை அழித்தே விடுகிறார்கள், அவை திரும்பாது. ஆகவே உங்கள் குழு இலவசத் திட்டத்தில் இருந்தால், ஓராண்டை நெருங்குகிற செய்திகள்தான் முதல் அவசரம்.

வாட்ஸ்அப்பில் மறையும் செய்திகள் அமைப்பை யாராவது இயக்கியிருக்கிறார்களா என்று குரூப் விவரத்தில் பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று தேர்வுகள். வேலைக் குரூப்பில் இது தேவைதானா என்று அட்மினிடம் நேராகக் கேளுங்கள். கூகுள் சாட்டில் ஹிஸ்டரி அணைந்திருந்தால் 24 மணி நேரத்தில் போய்விடும். நீங்கள் குரூப்பில் சேர்வதற்கு முன்பு போட்டது என்றால் அது வாட்ஸ்அப்பில் உங்களுக்குத் தானாக வந்து சேராது. பழைய உறுப்பினர் ஒருவரிடம் "இந்தச் சொல்லைத் தேடி அனுப்ப முடியுமா" என்று கேட்பதுதான் வழி. டெலிகிராம் குரூப்பில் புதியவர்களும் பழையதைப் பார்க்கலாம் என்று அட்மின் அமைத்துவிட முடியும்.

"மெசேஜ் கிடைச்சது, லிங்க் திறக்கலை"

முதலில் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். அனுமதி இல்லை என்கிறதா, பக்கமே இல்லை என்கிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு.

அனுமதி இல்லை என்றால் ஆவணம் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. டீம்ஸில் சேனலில் போட்ட ஃபைல் அந்தக் குழுவின் ஷேர்பாயிண்டில், அதாவது குழுவுக்குப் பொதுவான சேமிப்பிடத்தில், உட்காரும். தனி அரட்டையில் அனுப்பிய ஃபைலோ அனுப்பியவரின் சொந்தச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இருக்கும். அவர் வேலையை விட்டுப்போய்க் கணக்கை நீக்கிவிட்டால், அமைப்பை யாரும் மாற்றாத பட்சத்தில் 30 நாள் வரைதான் அந்த ஒன்டிரைவ் பிழைத்திருக்கும். ஒருவர் விடைபெறும் வாரத்தில் எல்லோரும் கேக் வெட்டுவார்கள், ஒருவராவது அவர் பகிர்ந்த ஃபைல்களைக் குழுவின் ஃபோல்டருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். டீம்ஸ் கூட்டப் பதிவுகளும் மாற்றாமல் விட்டால் 120 நாளில் காலாவதி ஆகிவிடும். டிஸ்கார்டில் போட்ட படத்தின் முகவரியை மட்டும் நகலெடுத்து வெளியே வேறெங்காவது வைத்திருந்தால், அது ஒரு நாளைக்குப் பிறகு திறக்காது.

பக்கமே இல்லை என்றால், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியை ஒட்டிப் பாருங்கள், பழைய நகல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இது அபூர்வமான நோய் இல்லை. பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் திறக்க முடியாதவை ஆகிவிட்டன. சுருக்கிய முகவரியாக இருந்தால் கூடுதல் ஆபத்து, பக்கம் நன்றாக இருந்தாலும் நடுவில் இருக்கும் சுருக்கும் சேவை மூடிவிட்டால் போச்சு. கூகுள் தன் சுருக்கும் சேவையில் புதியவற்றை 2019-இலேயே நிறுத்தி, பயன்பாட்டில் இல்லாத பழைய லிங்குகளை 2025-இல் அணைத்தது. எழுதி வைக்கும்போது எப்போதும் முழு முகவரி, பக்கத்தின் தலைப்பு, அதில் என்ன இருக்கிறது என்று சொந்தச் சொல்லில் இரண்டு வரி. முக்கியமானது என்றால் வேபேக் மெஷினிலேயே இப்போதே சேமிக்கச் சொல்லலாம், ஒரு நிமிட வேலை. இரண்டு வரி இருந்தால் பக்கம் செத்தாலும் விஷயம் பிழைக்கும்.

"ஸ்கிரீன்ஷாட்லயும் வாய்ஸ் மெசேஜ்லயும்தான் எல்லாம் இருக்கு"

படத்துக்குள்ளும் ஒலிக்குள்ளும் இருப்பதை அரட்டைத் தேடல் பார்க்கும் என்று நம்பி இருக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள எழுத்தை கூகுள் லென்ஸ் தமிழிலும் எடுத்துத் தரும், அதைச் சரிபார்த்து அந்தப் படத்துக்கே பதிலாக ஒட்டிவிடுங்கள். இனிமேல் படத்தைத் தேட வேண்டாம், பதிலைத் தேடினால் போதும். வாய்ஸ் மெசேஜைக் கேட்டு முடித்தவர், அதில் சொன்னதை ஒரு வரியில் அதற்கே பதிலாக எழுதட்டும். முழுவதும் எழுத வேண்டியதில்லை, "ஜூன் மாத பில்லை எப்படித் திருத்துவது, அக்கா சொன்னது" என்ற அளவுக்கு இருந்தாலே தேடலில் மாட்டும்.

"பின் பண்ணி வச்சோமே, இப்ப காணோம்"

வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்பில் மூன்று செய்திகளைத்தான் பின் பண்ண (அரட்டையின் மேலே குத்தி வைக்க) முடியும், அதுவும் அதிகபட்சம் 30 நாள். நட்சத்திரம் போட்டது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், குழுவுக்கு அது இல்லாத மாதிரிதான். ஸ்லாக்கில் ஒரு சேனலுக்கு 100 பின் வரை போகலாம், ஆனால் 40 பின் உள்ள சேனலில் பின்னைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பின் என்பது இந்த வாரத்துக்கு. நிரந்தரமானது வேறு இடத்தில் இருக்க வேண்டும், அந்த இடத்தின் லிங்க் ஒன்று மட்டும் ஸ்லாக் சேனலின் புக்மார்க்கிலோ வாட்ஸ்அப் குரூப்பின் விவரக் குறிப்பிலோ இருந்தால் போதும்.

"அழகா டாக்குமெண்ட் போட்டோம், ஆனா மறுபடி அதே கேள்வி வருது"

என்னைப் பொறுத்தவரை மொத்தப் பிரச்சினையின் நடுமுடிச்சு இங்கேதான் இருக்கிறது. தேடலை எவ்வளவு கற்றுக்கொண்டாலும், எழுதி வைக்கிறவர் தவறான ஆளாக இருந்தால் பயன் இல்லை.

வழக்கமாக என்ன செய்வோம், விஷயம் தெரிந்தவரையே எழுதச் சொல்வோம். அவருக்கு நேரமும் இருக்காது, எழுதினாலும் தெரிந்தவரின் சொற்களில் எழுதுவார். ஒரு உதாரணம். உங்கள் இணையதளத்துக்கு லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் (டிஎல்எஸ் சான்றிதழ்) போட்டிருக்கிறீர்கள். அதன் ஆயுள் 90 நாள், செர்ட்பாட் என்ற நிரல் 30 நாள் மிச்சம் இருக்கும்போது தானாகப் புதுப்பிக்க வேண்டும். யாரோ சர்வரில் 80-ஆம் போர்ட்டை (வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசலை) மூடிவிட்டதால் புதுப்பிப்பு நின்றுவிட்டது. விஷயம் தெரிந்தவர் எழுதும் தலைப்பு "டிஎல்எஸ் சான்றிதழ் புதுப்பித்தல் நடைமுறை". சரியான தலைப்புதான். ஆனால் காலையில் வாடிக்கையாளர் ஃபோனில் கத்தும்போது பதறுகிற ஆள் தட்டுவது "சைட் திறந்தா சிவப்பா எச்சரிக்கை வருது" என்பதைத்தான். டிஎல்எஸ் என்ற சொல்லே அவர் வாயில் வராது. ஆவணம் இருக்கிறது, அவரும் தேடுகிறார், இரண்டும் சந்திப்பதே இல்லை.

அதனால் விதியைத் திருப்பிப் போடுங்கள்: யார் தேடிக் கண்டுபிடித்தாரோ அவர்தான் எழுத வேண்டும். எந்தெந்தச் சொல்லைப் போட்டுத் தேடினோம், எது வரவில்லை என்று அவருக்குத்தான் தெரியும். அந்தச் சூடு ஆறுவதற்குள், அவர் கேட்ட கேள்வியை அவர் கேட்டபடியே தலைப்பாக வைத்து, கீழே பதிலை எழுதட்டும். கொச்சையாக இருந்தால் இருக்கட்டும், எழுத்துப்பிழை இருந்தால்கூட அப்படியே விடுங்கள், அடுத்தவரும் அதே பிழையோடுதான் தேடுவார். தெரிந்தவர் ஒரு முறை படித்துச் சரி சொன்னால் போதும், ஐந்து நிமிடம்.

ஒரு பதிவில் இவ்வளவு இருந்தால் நிறைவு:

கேள்வி: சைட் திறந்தா சிவப்பா எச்சரிக்கை வருது, பாதுகாப்பு இல்லைன்னு சொல்லுது.
வேறு பெயர்கள்: டிஎல்எஸ், எஸ்எஸ்எல், சான்றிதழ் காலாவதி, செர்ட்பாட்.
பதில்: சான்றிதழ் தேதி முடிந்திருக்கும். 80-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா பார், பிறகு செர்ட்பாட் புதுப்பிப்பை ஓட்டு, வெப் சர்வரை ரீலோடு பண்ணு.
எங்கிருந்து: பேச்சு நடந்த செய்தியின் லிங்க்.
கடைசியாகச் சரிபார்த்தது: தேதி, பெயர்.

"வேறு பெயர்கள்" வரியை விட்டுவிடாதீர்கள். தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் ஒன்று, குழுவுக்குள் புழங்கும் செல்லப்பெயர் ஒன்று என்று எல்லாவற்றையும் கொட்டுங்கள், ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்காக அதையும் சேருங்கள். "எங்கிருந்து" என்ற வரிக்கு ஸ்லாக், டெலிகிராம், டீம்ஸ் மூன்றிலும் செய்தியின் லிங்கை நகலெடுக்கலாம். வாட்ஸ்அப்பில் அந்த வசதி இல்லாததால் செய்தியின் வாசகத்தையே எடுத்து ஒட்டி, தேதி போட்டுவிடுங்கள்.

எதில் எழுதுவது என்று வாரக்கணக்கில் விவாதிக்க வேண்டாம். கூகுள் ஷீட், நோஷன், விக்கி, எதுவானாலும் சரி, ஒரே இடமாக இருக்கட்டும், ஃபோனில் திறக்கட்டும், எல்லோருக்கும் திருத்தும் உரிமை இருக்கட்டும். பிறகு அரட்டையில் அந்தக் கேள்வி மறுபடி வரும்போது பதிலைத் தட்டாதீர்கள், பதிவின் லிங்கை மட்டும் கொடுங்கள். முகம் சுளிக்காமல், "இதோ, இங்க இருக்கு, ஏதாவது விட்டுப்போயிருந்தா சேர்த்துடுங்க" என்று கொடுங்கள். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்குச் சிடுசிடுப்பாக லிங்க் வீசினால் அவர் அடுத்த முறை கேட்கவே மாட்டார், கேள்வி வராத குழுவில் எழுதி வைக்கவும் ஒன்றும் இருக்காது.

"எழுதினபடி செஞ்சேன், வேலை செய்யலை"

பதிவு பழசாகிவிட்டது. மேலே சொன்ன அதே சான்றிதழ் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "காலாவதி ஆகும் முன் லெட்ஸ் என்கிரிப்டிலிருந்து மின்னஞ்சல் வரும், அதைக் கவனி" என்று பல குழுக்களின் குறிப்புகளில் எழுதியிருந்தது, அப்போது அது உண்மையும்கூட. 2025 ஜூனில் அவர்கள் அந்த மின்னஞ்சலை நிறுத்திவிட்டார்கள். குறிப்பை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு இனி எதுவும் வராது. கடைசியாகச் சரிபார்த்த தேதி எதற்கு என்றால் இதற்குத்தான், தேதி பழசாக இருந்தால் படிக்கிறவர் உஷாராகிவிடுவார்.

தவறு கண்டவர் அங்கேயே திருத்தட்டும். பழைய வரியை அழிக்காமல் அடித்துவிட்டு, கீழே புதியதை எழுதுங்கள், இன்னும் பழைய பதிப்பில் இருப்பவருக்கு அது உதவும்.

"இதை எடுத்து எழுதலாமா, தெரியலை"

தனி அரட்டையில் சொன்னது என்றால் சொன்னவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். வாடிக்கையாளரின் பெயர், எண், ஆதார் நகல் இவை எதுவும் பதிவுக்குள் வரக்கூடாது. தேடும்போது பாஸ்வேர்டு கண்ணில் பட்டால், அதை ஆவணத்துக்கு மாற்றுவது தீர்வே இல்லை. முதலில் பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும், புதியதை பிட்வார்டன், கீபாஸ் மாதிரி பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலி ஒன்றில் வைக்க வேண்டும். பதிவில் "பிட்வார்டனில் இந்தப் பெயரில் இருக்கிறது" என்று மட்டும் எழுதுங்கள். அரட்டையிலிருந்து செய்தியை அழிப்பது போதாது, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிக்க இரண்டரை நாள்தான் அவகாசம், அதற்குள் எத்தனை ஃபோனின் பேக்கப்பில் ஏறியதோ.

"மூணு வருஷ அரட்டை இருக்கு, எங்க ஆரம்பிக்கிறது?"

முழுவதையும் எழுத நினைக்காதீர்கள், நடக்காது. எக்ஸ்போர்ட் எடுங்கள், அதாவது அரட்டையை ஃபைலாக வெளியே எடுங்கள். வாட்ஸ்அப்பில் மீடியா இல்லாமல் எடுத்தால் கடைசி 40,000 செய்திகள் வரை, மீடியாவோடு எடுத்தால் 10,000 வரை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வரும். டெலிகிராமுக்குக் கணினிச் செயலி வேண்டும், ஃபோனில் முடியாது. ஸ்லாக்கில் உரிமையாளரோ அட்மினோதான் எடுக்க முடியும், பொதுச் சேனல்களின் செய்திகள் வரும், ஃபைல்கள் வராது, அவற்றின் லிங்குகள்தான் வரும்.

அந்த ஃபைலில் இணைய முகவரி உள்ள வரிகளை மட்டும் பிரித்து ஒரு ஷீட்டில் ஒட்டி, முகவரிப்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே லிங்க் வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு மாதங்களில் போடப்பட்டிருக்கிறதா? அதுதான் உங்கள் குழுவுக்கு உண்மையில் தேவைப்படுவது, முதல் பதிவு அதற்கு. அடுத்தது, கேள்விக்குறியோடு முடியும் வரிகளைப் பிரித்து, இரண்டு முறைக்கு மேல் வந்த கேள்விகளை எடுங்கள். ஒரே முறை கேட்கப்பட்டதை இப்போதைக்கு விட்டுவிடலாம், மறுபடி யாராவது கேட்டால், தேடி எடுப்பவர் எழுதிக்கொள்வார். வேலை முடிந்ததும் எக்ஸ்போர்ட் ஃபைலை எல்லாக் கணினியிலிருந்தும் அழித்துவிடுங்கள், மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் அங்கேயும். அதில் குழுவினர் அத்தனை பேரின் சொந்தப் பேச்சும் இருக்கிறது.